வெளிச்சம் பாக்கப் போன சாயங்காலம்

இதெல்லாம் ஒரு குளுராங்க அம்மிணி? இந்தாங்க, இந்தச் சால்வையப் போத்திக்குங்க. இந்த ரயில் பொட்டியில ஏ.சி.யக் கொறைக்கச் சொல்லி நீங்களும் அந்த ஆளுகிட்டச் சொல்லிப் பாத்துட்டீங்க, அவன் காதுல வாங்கற மாதிரித் தெரியல. எனக்கு வேண்டாமுங்க, நீங்களே போத்திக்குங்க. குளுருன்னா என்னன்னு நான் பாத்துட்டு வந்தவ. கண்ணுல தண்ணி வந்தா அது கன்னத்துக்கு எறங்கறதுக்குள்ள கட்டியாப் போயிரும். இமை ரெண்டும் ஒட்டிக்கும். அப்படியாப்பட்ட குளுரு.

பின்லாந்துங்க. என்ற தம்பி தரணிதரன் அங்கதான் இருக்கறான். ஔலுன்னு ஒரு ஊரு. செல்போன் சம்பந்தமான வேலை. தம்பின்னு சொல்றனே ஒழிய, அவன் நான் வளத்த பையனுங்க. எங்கம்மா போறப்ப அவனுக்குப் பால்பல்லு விழல, நான் தாவணி போட்ட புள்ள. எங்கப்பாருக்கு மஞ்சக்காடும் மாட்டுச் சந்தையும்தான் உலகம். குளிக்க வெச்சது, சோறு ஊட்டுனது, பள்ளிக்கோடத்துக்குக் கையப் புடிச்சுக் கூட்டிட்டுப் போனது எல்லாம் நான். என்னைக் கட்டிக் குடுத்தப்ப, அவனும் என்கூடத்தான் வருவான்னு ஒத்தக் கால்ல நின்னேன். என்ற ஊட்டுக்காரரு நல்ல மனுசன், சரின்னுட்டாரு. எங்க அரிசி மில்லுல மூட்டை மேல படுத்துத்தான் அவன் பாடம் படிச்சான். நான் பாக்காம அவன் ஒரு சட்டை எடுத்ததில்லீங்க. இதை மனசுல வெச்சுக்கிட்டு மீதியக் கேளுங்க.

பொண்ணு தாராபுரம் பக்கம். மிருதுளான்னு பேரு. அப்பா ஹெட்மாஸ்டர். நல்ல நெறம், நல்ல படிப்பு, அதிர்ந்து பேசாத புள்ள. நாங்க பாக்கப் போனது பகல்ல. அங்கதான் நான் கோட்டை விட்டது. பகல்ல வாங்கன்னு அவங்கதான் சொன்னாங்க, நல்ல நேரம்னு. அதுக்குள்ள ஒரு சூது இருக்குதுன்னு நான் என்னத்தைக் கண்டேன்? ரெண்டு பேரும் தனியாப் பேசோணும்னு மொட்டைமாடிக்குப் போனாங்க. எறங்கி வந்தவன் மூஞ்சி ஒரு மாதிரி இருந்துச்சு. புடிக்கலையாட்டம்னு நினைச்சு நான் கெளம்பவே எந்திரிச்சுட்டேன். "இந்தப் பொண்ணுதான் அக்கா"ன்னுட்டான்.

கல்யாண ரிசப்ஷன்ல மேடைப்படி எறங்கறப்பத் தடுமாறி என்ற மேல சாஞ்சா. பட்டுப்பொடவை, புதுச் செருப்புன்னு விட்டுட்டேன். பொறவு ஊட்டுல பாத்தா, பொழுது எறங்குனா ரூமை விட்டு வெளிய வரமாட்டா. காபி டம்ளர நீட்டுனா நான் நீட்டுனபடி நிக்கோணும், மகாராணி கை நீட்டமாட்டா. பக்கவாட்டுல நின்னு கையக் காட்டுனா திரும்பமாட்டா. ஒருக்கா ஒறம்பரை, சொந்தக்காரங்கெல்லாம் உக்காந்திருக்கறப்ப வேணும்னே டம்ளரக் கைய விட்டேன். காபி பூராக் கொட்டிப்போச்சு. "பாத்து வாங்கக்கூடாதா கண்ணு?"ன்னேன். "மன்னிச்சுக்குங்க அண்ணி"ன்னு குத்தவெச்சு, தரையத் தடவித் தடவித் துடைச்சா. அப்பவாவது எனக்கு உறைச்சிருக்கோணும். திமிருன்னுதான் நினைச்சேன். எனக்குச் சூதுவாது தெரியாதுங்க.

அவங்க ரெண்டு பேரும் அங்க போயி ஒரு வருசம் கழிச்சு என்னையும் வரச்சொன்னான். மில்லை விட்டுட்டு அவரு வரமுடியாது, நான் மட்டும் போனேன். தை மாசம். அங்க மத்தியானம் சாப்பிட்டுக் கைகழுவறதுக்குள்ள பொழுது எறங்கிருது. ஊடு பூரா வெளக்கு எரியும், கக்கூஸ்ல கூட அணைக்கமாட்டாங்க. சமையக்கட்டுல ஒவ்வொரு டப்பாவுக்கும் ஒரு எடம். நாற்காலி எடுத்தா எடுத்த எடத்துலயே வைக்கோணும். எனக்குத் தோதா நான் மாத்தி வெச்சேன். என்ற தம்பி ஊடு, எனக்கு அந்த உரிமை இல்லையா? அவ ஒண்ணும் சொல்லமாட்டா. மக்கா நாளுக் காத்தால பாத்தா அவளுக்கு மொழங்காலுக்குக் கீழ நீலமாக் கன்னிப் போயிருக்கும். நான் படுத்த பொறவு தரணி எந்திரிச்சு எல்லாத்தையும் பழையபடி வெச்சிருவான். நான் காத்தால மறுக்கா மாத்துவேன். இப்படியே ஒரு வாரம் போச்சு. ஒரு நாளு, "அக்கா, அந்த நாற்காலிய மட்டும் நகத்தாத"ன்னான். மனசு பொக்குன்னு போச்சுங்க எனக்கு. நாற்காலிக்காக அக்காளை ஒருத்தன் அதட்டுவானா?

ரோட்டுல போனா அவ கைய அவன் விடமாட்டான். நடுவுல நான் பூந்தா, என்னை அந்தப் பக்கம் தள்ளிட்டு மறுபடி அவ கையப் புடிச்சுக்குவான். நான் கையப் புடிச்சு நடக்கப் பழக்குன பையன்.

முறுக்கு எடுத்துக்குங்க. கை முறுக்குதான், ஊட்டுல சுட்டது. அட, ஒண்ணு எடுங்க.

அப்பறம் ஒரு நாளு அவன் சொன்னான், "அக்கா, நாளைக்கு ஏரிக்குப் போறோம். ஏரி ஒறைஞ்சு கெடக்கும், அது மேல உக்காந்து மீன் புடிக்கலாம். பொழுது போனா வானத்துல பச்சை வெளிச்சம் ஆடும். உலகத்துல எங்கெங்கிருந்தோ அதைப் பாக்க வர்றாங்க"ன்னு. எனக்காகத்தான் ஏற்பாடு பண்றான்னு நினைச்சேன். அவளுக்குத்தான் அதுல கொள்ளை ஆசையாம், சின்ன வயசிலிருந்தாம். அது பொறவு தெரிஞ்சுது.

ஊருக்கு வடக்கால நெம்ப தூரம் கார்ல போனோம். அங்க ஒரு மரக் குடிசை. கூட்டிட்டுப் போற ஆளு நெட்டையா, நரைச்ச தாடியோட இருந்தாரு. யுஹானின்னு பேரு. எனக்கு வாயில நுழையல, யோகானந்தம்னு வெச்சுக்கிட்டேன். அவரும் அதுக்குத் திரும்பிப் பாத்தாரு. எங்ககூட ஒரு கேரளா ஜோடி, கல்யாணமாகி ஒரு மாசம்தான் இருக்கும். அந்தப் பொண்ணு ஷெரின், நல்லாத் தமிழ் பேசுனா. ஆக மொத்தம் நாங்க அஞ்சு பேரு, அந்த யோகானந்தம். எல்லாத்துக்கும் பஞ்சு வெச்ச உடுப்பு, யானைக்கால் மாதிரி பூட்ஸ், நெத்தியில கட்டிக்க ஒரு டார்ச் குடுத்தாங்க. பனி மேல ஓடற வண்டிக்குப் பின்னால ஒரு சறுக்கு வண்டியக் கட்டி, அதுல எங்களை உக்கார வெச்சு இழுத்துட்டுப் போனாரு.

ஏரின்னா என்னங்க ஏரி, சுண்ணாம்பு அடிச்ச களம் மாதிரி கண்ணுக்கு எட்டுன வரைக்கும் வெள்ளை. அவரு கையால சுத்தற ஒரு திருகாணி மாதிரி ஒண்ணை வெச்சு ஐஸைக் கொடைஞ்சாரு. நம்ம ஊருல ஆயிரம் அடி போர் போட்டாலும் புகைதான் வருது. அங்க இடுப்பளவு கூடக் கொடையல, கறுப்புத் தண்ணி கொப்புளிச்சுட்டு வந்துச்சு. தொளை ஒரு சாண் அகலத்துக்குக் கொஞ்சம் கூட இருக்கும். ஆளுக்கு ஒரு தொளை. ஒவ்வொரு தொளைக்கும் பக்கத்துல ஒரு குச்சி நட்டு வெச்சாரு. குச்சி நுனியில ரோட்டுல மின்னுமே, அந்த மாதிரி ஒரு பட்டை. டார்ச் பட்டாத்தான் மின்னும். "எந்திரிச்சு நடக்கறதுன்னா டார்ச்சைப் போட்டுட்டு நடங்க, இல்லீன்னா என்னைக் கூப்பிடுங்க"ன்னு சொன்னாரு. தரணி அதை எனக்குத் தமிழ்ல சொன்னான். நல்லாப் புரிஞ்சுதுங்க எனக்கு. நான் ஒண்ணும் கூறு கெட்டவ இல்லை.

மான் தோலை விரிச்சு உக்காந்தோம். தூண்டில் பாத்தா கொழந்தைக வெளையாட்டுச் சாமான் மாதிரி, முழங்கை நீளங்கூட இல்லை. நூலை உட்டுட்டு ஆட்டிக்கிட்டே இருக்கோணும். நான் ஆட்டறேன், ஆட்டறேன், ஒண்ணும் சிக்கல. மிருதுளா என்ன பண்ணுனாங்கறீங்க? கையுறையக் கழட்டிட்டா. அந்தக் குளுருல! நூலை ரெண்டு வெரல்ல புடிச்சுக்கிட்டு, கண்ண மூடிக்கிட்டு, தலையச் சாச்சு, யாரோ காதுல பேசறதக் கேக்கற மாதிரி உக்காந்திருந்தா. வெடுக்குன்னு இழுத்தா. மீனு. உள்ளங்கை அளவு, செதிலெல்லாம் பச்சை வரி, செவப்புத் துடுப்பு. கொஞ்ச நேரத்துல இன்னொண்ணு. பொறவு இன்னொண்ணு. யோகானந்தம் வந்து தோள்ல தட்டி என்னமோ சொன்னாரு. "இத்தனை வருசத்துல இப்படி ஒரு கைய நான் பாத்ததில்லைங்கறாரு அக்கா"ன்னு தரணி சிரிச்சான். அவன் அப்படிச் சிரிச்சு நான் பாத்ததே இல்லைங்க. பத்தாவதுல பள்ளிக்கோடத்துலயே முதலா வந்தப்ப, சைக்கிள் வாங்கிக் குடுத்தப்ப, எப்பவும் இல்லை. அவ கைய எடுத்து அவன் கோட்டுக்குள்ள, நெஞ்சுக்கிட்ட வெச்சு சூடு பண்ணுனான். எல்லார் முன்னாலயும்.

எனக்கு அப்ப வரைக்கும் ஒரு மீனு கூட இல்லை. அதுக்காகச் சொல்லலீங்க. யாருக்கு வேணும் அந்த மீனு.

நல்லா இருட்டிப்போச்சு. எங்க தொளைகளுக்குப் பக்கத்துலயே, கரையோரமா யோகானந்தம் தீ மூட்டுனாரு. பழச்சாறு சூடு பண்ணிக் குடுத்தாரு. பொறவு எல்லாத்தையும் டார்ச்சை அணைக்கச் சொன்னாரு. இருட்டுக்குக் கண்ணு பழகுனாத்தான் வானத்துல வர்றது தெரியுமாம். அணைச்சோம். மொதல்ல ஒண்ணும் தெரியல. பொறவு நட்சத்திரம் தெரிஞ்சுது, பனி தெரிஞ்சுது, பக்கத்துல உக்காந்திருக்கறவங்க மூஞ்சி கூட மங்கலாத் தெரிஞ்சுது. எனக்குத் தெரிஞ்சுதுங்க. எல்லாத்துக்கும் தெரிஞ்சுது.

தரணி ஒரு பெரிய கேமராவ முக்காலியில மாட்டி வெச்சிருந்தான். குளுருக்கு அதோட பேட்டரி செத்துப்போச்சு. இன்னொண்ணு சறுக்கு வண்டியில பையில இருக்குதுன்னு யோகானந்தத்தையும் கூட்டிட்டு அக்கட்ட போனான். போறப்ப அவகிட்ட, "எந்திரிக்காத மிருது, ரெண்டே நிமிசம்"ன்னான். எதுக்கு அப்படிச் சொல்றான்? கொழந்தையா அவ? எனக்கு அப்பத்தான் மண்டையில பொறி தட்டுச்சு. டம்ளரு, மேடைப்படி, நாற்காலி, கையப் புடிச்சுட்டு நடக்கறது, கண்ண மூடி மீன் புடிச்சது, எல்லாம் ஒண்ணா வந்து நின்னுச்சு. சோதிச்சுப் பாத்தறலாம்னு தோணுச்சு. நீங்களா இருந்தா பாத்திருக்கமாட்டீங்களா? நம்ம தம்பி வாழ்க்கைங்க.

வானத்துல ஒண்ணுமே இல்லை. வெறும் நட்சத்திரம். நான் எந்திரிச்சுத் தீக்கு அந்தண்டை பக்கம், இருட்டுக்குள்ள போயி நின்னுக்கிட்டு, "அய்யோ மிருதுளா, அங்க பாரு! பச்சையா! வந்துருச்சு பாரு!"ன்னு கத்துனேன்.

அவ மூஞ்சியத் தூக்குனா. தீ வெளிச்சத்துல எனக்கு அவ மூஞ்சி நல்லாத் தெரிஞ்சுது. கொழந்தை மாதிரி வாயத் தொறந்துட்டு மேல பாத்தா. "ஆமாங்க அண்ணி"ன்னா. "எவ்ளோ அழகா இருக்குது!"

கேரளாக்காரப் பொண்ணு அண்ணாந்து பாத்துட்டு, "எங்கே அக்கா? ஒண்ணும் காணலியே"ன்னா. நான் அவளைச் சும்மா இருன்னு கையக் காட்டுனேன். அவளுக்கு என்ற கை தெரிஞ்சுது பாருங்க. மிருதுளாவுக்குத் தெரியல.

"எந்தப் பக்கம் கண்ணு பெருசா இருக்குது?"ன்னேன்.

கொஞ்சம் யோசிச்சா. கையத் தூக்கி ஒரு பக்கமாக் காட்டுனா. அந்தப் பக்கம் வானமே இல்லைங்க, மரந்தான் இருந்துச்சு. "இங்க... இங்கதானுங்க அண்ணி."

எனக்குச் சிரிப்பு பொத்துக்கிட்டு வந்துச்சு. என்னை மறந்து சிரிச்சுட்டேன். ஏரி பூராக் கேட்டிருக்கும். அந்த ஷெரின் சிரிக்கல. அவ புருசன் தலையக் குனிஞ்சுக்கிட்டான். மிருதுளாவுக்கு வெளங்கிருச்சு போல, தூக்குன கை அப்படியே நின்னுச்சு, மெதுவா எறக்குனா. "சரி, சரி, தெரியுதுல்ல? அப்ப எந்திரிச்சு எங்கிட்ட வா கண்ணு. இங்கிருந்து பாத்தா இன்னும் நல்லாத் தெரியும். நேரா வா, ஒண்ணுமில்லை"ன்னேன்.

வராம இருந்திருக்கலாமில்லைங்களா? எனக்குத் தெரியலீங்க அண்ணின்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமில்லை? அதுதானுங்க அவகிட்ட எனக்குப் புடிக்காதது. அழுத்தம். எந்திரிச்சா. தீயைச் சுத்திக்கிட்டு, என்ற சத்தம் வந்த பக்கமா, காலைத் தேச்சுத் தேச்சு வெச்சு வந்தா. ஷெரின் "சேச்சி, நிக்கு, நிக்கு!"ன்னு கத்துனா. மலையாளத்துல கத்துனா யாருக்குப் புரியும்? எனக்கும் அவளுக்கும் நடுவுல என்ற தொளைதான் இருந்துச்சு. குச்சியும் பக்கத்துலதான் இருந்துச்சு. கண்ணு இருக்கறவ பாத்து வரமாட்டாளா?

ஒரு காலு தொடை வரைக்கும் உள்ள போயிருச்சு. படக்குன்னு ஒரு சத்தம். ஐஸ் ஒடைஞ்சுதோன்னு நினைச்சேன். ஐஸ் இல்லை.

தரணி ஓடி வந்தான். பையை எங்கயோ வீசிட்டான். அந்தாளு யோகானந்தம் படுத்த வாக்குல வந்து அவளைக் கக்கத்துல புடிச்சுத் தூக்குனாரு. பூட்ஸ் தண்ணியோட போச்சு. ஈரக் காலுச்சட்டை நம்ம கண்ணு முன்னாலயே வெறைச்சுப்போச்சு. கத்தியில கிழிச்சாங்க. அந்த மனுசன் கோட்டைத் தொறந்து, சட்டையத் தூக்கி, அந்த வெறுங்காலை எடுத்துத் தன்ற வயித்து மேல வெச்சு மூடிக்கிட்டாரு. எவளோ ஒருத்தி காலு! பாக்கறதுக்கே எனக்குக் கூசிப்போச்சு.

தரணிகிட்ட நான் அப்பவே சொல்லிட்டேன். மறைச்சு வெக்கற வித்தை எனக்குத் தெரியாது. "டேய் தம்பி, இவளுக்குக் கண்ணு தெரியாதுடா. உன்னை நல்லா ஏமாத்திட்டாங்கடா. நான் சோதிச்சுப் பாத்துட்டேன்"ன்னேன்.

அவன் அவ தலையை மடியில வெச்சிருந்தான். நிமிந்து கூடப் பாக்கல. "எனக்குத் தெரியும் அக்கா"ன்னான். "மொட்டைமாடியில மொத வார்த்தையே அதைத்தான் சொன்னா. யாருக்கும் சொல்ல வேண்டாம்னு நான்தான் சொன்னேன். உனக்குச் சொல்ல வேண்டாம்னு நான்தான் சொன்னேன்."

எப்படி இருக்கும் எனக்கு? நீங்களே சொல்லுங்க. ஊருக்குத் தெரியலீன்னாப் பரவாயில்லை. பெத்த தாயி மாதிரி வளத்த எனக்குச் சொல்லக் கூடாதாம். அவ ஏமாத்துனது கூடப் பெருசில்லைங்க. இவன்!

என்னமோ பரம்பரைச் சீக்காம். குழாய் வழியாப் பாக்கற மாதிரி நடுவுல மட்டும் கொஞ்சம் தெரியுமாம், பொழுது போனா சுத்தமா இல்லையாம். அந்தக் குழாயும் வருசா வருசம் சுருங்கிக்கிட்டே வருதாம். சுருங்கறதுக்குள்ள அவளுக்கு அந்தப் பச்சை வெளிச்சத்தைக் காட்டோணும்னு இவன் துடிச்சிருக்கறான். நேராப் பாத்தா அவளுக்குத் தெரியாது. கேமராவுல புடிச்சு அந்தத் திரையில காட்டுனா, அது டிவி மாதிரி வெளிச்சமா இருக்குமில்லைங்களா, அதுல பாக்க முடியுமாம். அதுக்குத்தான் அவ்வளவு பெரிய கேமராவாம். எங்கிட்ட யாரு சொன்னா இதையெல்லாம்?

அவளைச் சறுக்கு வண்டியில படுக்க வெச்சுக் கம்பளியெல்லாம் சுத்துனாங்க. ஷெரினும் அவ புருசனும் ஆளுக்கொரு பக்கம் புடிச்சுக்கிட்டாங்க. யோகானந்தம் போன்ல ஆம்புலன்ஸுக்குப் பேசிட்டு இருந்தாரு. அப்பத்தானுங்க வந்துச்சு.

மொதல்ல வெள்ளையா, புகை மாதிரி. பொறவு பச்சை. வானத்துக்கு ஒரு கரையிலிருந்து மறு கரைக்குப் பொடவைய அலசி உதறுன மாதிரி ஆடுச்சு. அடியில ஒரு ரோஸ் கலரு கரை. பனியெல்லாம் பச்சை, மரமெல்லாம் பச்சை, எல்லாத்து மூஞ்சியும் பச்சை. எனக்கு மேலெல்லாம் சிலிர்த்துப்போச்சுங்க. அத்தனை பேரு இருந்தும் ஒருத்தரு அண்ணாந்து பாக்கல. நான் ஒருத்திதான் பாத்தேன். போன்ல வீடியோ கூட எடுத்தேன், பொறவு உங்களுக்குக் காட்டறேன். "டேய் தரணி, மேல பாருடா! இதுக்குத்தானேடா வந்தோம்!"ன்னேன். அவன் திரும்பல.

அவ படுத்திருந்தவ மெதுவாக் கேட்டா, "வந்துருச்சாங்க?"ன்னு.

"இல்லை மிருது, இன்னும் வரல. இன்னொரு நாளைக்கு வந்து பாக்கலாம்"ன்னான் அவன். அழுதுக்கிட்டே சொல்றான். பச்சை வெளிச்சம் அவன் மூஞ்சியிலயே ஆடுது, வாய் கூசாமப் பொய் சொல்றான்.

எனக்குப் பொய் ஆகாதுங்க. சின்ன வயசிலிருந்தே அப்படித்தான். "வந்துருச்சு கண்ணு. வானம் பூரா இருக்குது. உனக்குத்தான் தெரியல"ன்னேன். நல்லதுக்குத்தான் சொன்னேன். எத்தனை நாளைக்கு அவளை இப்படிப் பொய் சொல்லியே ஏமாத்துவான்?

அவ கம்பளிய இழுத்து மூஞ்சிய மூடிக்கிட்டா.

கணுக்காலுக்கு மேல எலும்பு ரெண்டா ஒடைஞ்சுபோச்சு. பிளேட்டு வெச்சாங்க. குளுருல ரெண்டு வெரலு கறுத்துப்போயி எடுத்துட்டாங்க. சுண்டு வெரலும் அதுக்குப் பக்கத்து வெரலும். அந்த ரெண்டு வெரலு இல்லாம நடக்க முடியாதா என்ன? எத்தனை பேரு நடக்கறாங்க.

ஆஸ்பத்திரிக்கு நான் போகல, போக விடலீங்க. ஷெரின்தான் என்னைக் கார்ல ஊட்டுக்குக் கொண்டாந்து விட்டா. வழி பூரா ஒரு வார்த்தை பேசல, அவளுக்கு என்ன கோபமோ. அந்த வாரமே எனக்கு டிக்கெட் மாத்திப் போட்டான் தரணி. ஏர்ப்போர்ட்டுல விட்டான். பிளேன்ல குடுக்கற சாப்பாடு எனக்கு எறங்காதுன்னு எலுமிச்சஞ்சோறு கிண்டி டப்பாவுல போட்டுக் குடுத்தான் பாருங்க, கையோட ஊறுகாயும். கோபம் இருக்கறவன் அதைச் செய்வானா? பேசல, அவ்வளவுதான். உள்ள போறப்பத் திரும்பிப் பாத்தேன், நின்னுக்கிட்டேதான் இருந்தான்.

ஊருக்கு வந்து மொத வேலையாத் தாராபுரம் போனேன். அவங்கூட்டு வாசல்ல நின்னு நாலு பேரு கேக்கற மாதிரிக் கேட்டேன், குருட்டுப் பொண்ண எந்தம்பி தலையில கட்டறதுக்கு உங்களுக்கு எப்படி மனசு வந்துச்சுன்னு. அந்த ஹெட்மாஸ்டர் கையெடுத்துக் கும்பிட்டாரு. "மாப்பிள்ளைக்குச் சொன்னமுங்க"ங்கறாரு. மாப்பிள்ளைக்குச் சொன்னாப் போதுமா? அந்த மனுசன் அதுக்கப்பறம் எந்த விசேசத்துக்கும் வர்றதில்லைங்கறாங்க. வந்தா நான் கேப்பன்னு பயம் இருக்குமில்லைங்களா. அவளுக்குக் கீழ ஒரு தங்கச்சி, அதுக்கு ரெண்டு எடம் தட்டிப்போச்சாம். அதுக்கும் நான்தான் காரணம்னு எந்தலையில போடறாங்க. கேட்டவங்களுக்கு இருக்கறதைத்தானே சொன்னேன்?

தரணிக்கு வேற எடம் கூடப் பாத்தேன். பவானியில ஒரு புள்ள, கண்ணு ரெண்டும் அப்படி ஒரு லட்சணம். போட்டோ அனுப்பி வெச்சேன். அவன் என்ற நம்பரைத் தடுத்து வெச்சுட்டான்னு பொறவுதான் என்ற ஊட்டுக்காரரு சொன்னாரு. அவருகிட்ட மட்டும் எப்பவாச்சும் பேசுவான். நான் பக்கத்துல வந்தா இவரு போனோட மில்லுக்குள்ள போயிருவாரு. மிஷின் சத்தத்துல என்னத்தைக் கேக்கறது? ரெண்டு வருசமுங்க. தீபாவளி, பொங்கல், எங்கப்பாரு தெவசம், ஒண்ணுக்கும் ஒரு போன் இல்லை. சில நாளு சோத்துல கைய வெச்சா எறங்காது. அவனுக்குப் புடிச்சது எதையாச்சும் செஞ்சுட்டு, யாரு திங்கறதுன்னு பாத்துக்கிட்டு உக்காந்திருப்பேன். ஒரு நாளு நான் அழுதுக்கிட்டு இருக்கறதைப் பாத்துட்டு இவரு, "நீ அந்தப் புள்ளைகிட்ட ஒரு வார்த்தை கேட்டுரு கலாமணி"ன்னாரு. என்னத்தைக் கேக்கறதுங்க? நான் என்ன செஞ்சேன்?

போன மாசம், மில்லுக்குச் சோறு அனுப்பிட்டு உக்காந்திருக்கறேன், போன் அடிக்குது. வெளிநாட்டு நம்பரு. எடுத்தா, "அக்கா"ன்னான்.

உக்காந்திருந்தவ எந்திரிச்சு நின்னுட்டேன்.

"அக்கா, பொண்ணு பொறந்திருக்குது. நேத்து. மொதல்ல அக்காவுக்குச் சொல்லுங்கன்னு மிருதுதான் சொன்னா. அதுதான் கூப்பிட்டேன்"ன்னான். பின்னால கொழந்தை முனகற சத்தம். யாரோ சின்னதா அதை உஸ்ஸு உஸ்ஸுன்னு சமாதானப் படுத்தறாங்க, அவதான். பக்கத்துலயே இருந்திருக்கறா. போனை எல்லாத்துக்கும் கேக்கற மாதிரி வெச்சிருந்தானாட்டம் இருக்குது. "நீ பேசு அக்கா, கொழந்தை கேக்குது"ன்னான். பழைய தரணி பேசற மாதிரியே இருந்துச்சுங்க. எனக்குக் கண்ணுல தண்ணி முட்டிக்கிட்டு வந்துச்சு. எத்தனையோ பேசோணும்னு வெச்சிருந்தேன். நான் வந்து தூக்கி வளத்தறேன்டா, எண்ணெய் தேச்சுக் காலு கையெல்லாம் நீவி விடறேன்டா, அப்படி இப்படின்னு. யாரா இருந்தாலும் மொதல்ல எது கேக்கத் தோணும், அதைக் கேட்டேன்.

"கண்ணு தெரியுதாடா?"ன்னேன்.

அந்தப் பக்கம் சத்தமே இல்லை. உஸ்ஸுங்கற சத்தமும் நின்னுபோச்சு. டவர் கெடைக்கலையாட்டம்னு நினைச்சு வாசலுக்கு ஓடி வந்து, இன்னுங் கொஞ்சம் சத்தமாக் கேட்டேன்.